தூருல கொட்டிக் கிடந்த தூள்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, ஒவ்வொரு தடவையும் "அப்புறம் பாத்துக்கலாம்"னு தள்ளிப்போட்ட விஷயம் இது. மனசைத் துளைச்சுக்கிட்டே இருக்கு. (துளைக்கிற பூச்சியைப் பத்தின பதிவுங்கிறதால அந்த வார்த்தை பொருத்தமாத்தான் இருக்கு :-))

எங்களுக்குக் கம்பம் பள்ளத்தாக்கு. திராட்சைன்னா எங்க ஊர்ல பன்னீர் திராட்சைதான். கருநீலமா, கொட்டையோட, வாயில போட்டா லேசா பன்னீர் வாசம் அடிக்குமே, அது. 1832ல ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்தப் பக்கம் கொண்டு வந்ததுன்னு சொல்வாங்க. 2023ல புவிசார் குறியீடு கூட கிடைச்சாச்சு. பேப்பர்ல அந்தச் செய்தியைப் படிச்சப்போ பெருமையாத்தான் இருந்தது. ஆனா எனக்கு உடனே ஞாபகம் வந்தது பழம் இல்ல. 2018 அக்டோபர்ல நான் எடுத்த ஒரு போட்டோ.

கொசுவர்த்தியைச் சுத்திக்கலாம்.

அப்பாவுக்கு அரை ஏக்கர் திராட்சை. முன்னூறு கொடிக்குக் கொஞ்சம் மேல இருக்கும். தோட்டத்தைப் பாக்காதவங்களுக்காகச் சொல்றேன். வரிசையா கல்தூண் நட்டு, தலைக்கு மேல கம்பி இழுத்துப் பந்தல் போட்டிருப்பாங்க. ஒவ்வொரு கொடியும் ஒத்தைத் தண்டா ஆள் உயரத்துக்கு ஏறி, மேல போய் கை விரிச்சுப் படரும். பச்சைக் கூரை, அதுல இருந்து கொத்துக் கொத்தாப் பழம் தொங்கும். உள்ள நுழையற யாரா இருந்தாலும் அண்ணாந்துதான் பாப்பாங்க. நானும் அப்படித்தான் அண்ணாந்து பாத்துக்கிட்டே மொபைல்ல நாலு படம் எடுத்தேன். ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் காட்டி 'எங்க தோட்டம்'னு அலட்டிக்கிட்டேன்.

2019 ஏப்ரல்ல அப்பா போன் பண்ணாரு. "கிழக்கோரத்துல பதினாலு கொடி பழுத்து நிக்குதுடா. தண்ணி விட்டாச்சு, எரு வச்சாச்சு, தேற மாட்டேங்குது" அப்படின்னாரு. பழுத்துன்னா பழம் இல்லைங்க, இலை மஞ்சளாகி வாடுறதை அப்படிச் சொல்வாரு. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி போன். "உரக்கடையில கேட்டேன். தண்டுல புழு இருக்காம். ஒரு மருந்து குடுத்து, ஓட்டையில ஊசி வச்சு ஏத்தி மண்ணால அடைச்சிருங்கங்குறாரு. போடவாடா?"

நான் மீட்டிங்ல இருந்தேன். "போடுங்கப்பா, கடைக்காரருக்குத் தெரியாதா"ன்னு சொல்லிட்டு வச்சுட்டேன். மொத்தமே இருபது செகண்ட் பேசியிருப்பேன்.

அந்த வார சனிக்கிழமை ஊருக்குப் போனேன். திண்ணையில அந்தப் பாட்டில் இருந்துச்சு. சும்மா எடுத்துப் பாத்தேன். லேபிள்ல சிவப்பு முக்கோணம். நம்ம நாட்டுல பூச்சிமருந்து பாட்டில்ல நாலு நிறத்துல முக்கோணம் போடுவாங்க. பச்சை, நீலம், மஞ்சள், சிவப்புன்னு விஷம் ஏறிக்கிட்டே போகும். சிவப்புதான் உச்சம், மண்டை ஓடு படத்தோட இருக்கும். எந்தெந்தப் பயிருக்குப் போடலாம்னு ஒரு பட்டியலும் இருந்தது. அதுல திராட்சைங்கிற பேரே இல்ல.

"அப்பா, இந்தக் கொடியில காய் இருக்கா?"

"இருக்கே. இன்னும் மூணு வாரத்துல வெட்டு."

வயித்துக்குள்ள எதோ பண்ணுச்சு. போன்ல நான் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான். பன்னீர் திராட்சையை யாரும் உரிச்சுச் சாப்பிடுறதில்ல. தோலோட அப்படியே வாயில போடுற பழம்.

மறுநாள் காலைல, இனி பொழைக்காதுன்னு அப்பா முடிவு பண்ணின ஒரு கொடியைத் தரையோட அறுத்தோம். பன்னெண்டு வருசக் கொடி, என் முன்னங்கை பருமன். அதை நீளவாக்குல பொளந்து பாத்தாரு. நடுவுல விரல் நுழையற அளவுக்கு ஒரு குகை, இடுப்பு உயரத்துல ஆரம்பிச்சு வேரை நோக்கிப் போகுது. உள்ள பூரா ஈர மரத்தூளும் புழுவோட எச்சமும் கெட்டியா அடைச்சுக் கிடந்துச்சு. மேல் பகுதியில மருந்து வாடை குப்புன்னு அடிச்சது. அதுக்கு ஒரு முழம் கீழ புழு. என் நடுவிரல் நீளம், வெண்ணெய் நிறம், கால் கிடையாது, தலைப் பக்கம் மட்டும் பழுப்பா கெட்டியா இருக்கு. உசிரோட நெளியுது!

அந்த அடைசலைத் தாண்டி மருந்து கீழ இறங்கவே இல்ல. விஷம் கொடியில இருக்கு, புழுவும் கொடியில இருக்கு, ரெண்டும் சந்திக்கவே இல்ல. அப்பா ஒண்ணும் பேசாம புழுவை மிதிச்சாரு.

மூணு வாரம் கழிச்சு வியாபாரி வந்தப்போ அந்தப் பதினாலு கொடியிலயும் பழம் கிடையாது. அப்பா முந்தின நாளே தானா வெட்டி, தோட்டத்துக்கு ஓரத்துல குழி தோண்டி மூடிட்டாரு. வியாபாரிக்கு வருத்தம். "என்னண்ணே, அங்க ஏத்திவிட்டா யாருக்குத் தெரியப் போகுது"ன்னாராம். அப்பா சொன்ன பதிலை அம்மாதான் எனக்குப் போன்ல சொன்னாங்க. "எனக்குத் தெரியும்லப்பா"ன்னு மட்டும் சொன்னாராம்.

கொடிக்கு எட்டு கிலோன்னு வச்சாலும் நூறு கிலோவுக்கு மேல. அன்னிக்கு விலைக்கு ரெண்டு ஆளோட ஒரு வாரக் கூலி இருக்கும். 'போடுங்கப்பா'ன்னு சொன்னவன் நான். காசை விட்டவர் அவரு.

அந்த வருசம்தான் இந்தப் பூச்சியைப் பத்தி ஒழுங்கா உக்காந்து படிச்சேன். தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன். மாடியில ஒத்தைக் கொடி வச்சிருக்கிறவங்களுக்கும் உதவும்.

தண்டு துளைப்பான்னு நாம சொல்ற புழு, நீளமான மீசை வச்ச ஒரு வண்டோட குழந்தை. இந்தியாவுல திராட்சையைத் துளைக்கிற இந்தக் குடும்பத்து வண்டுகள்ல முக்கியமானது செலோஸ்டெர்னா ஸ்காப்ரேட்டர். சொந்தமா அது கருவேல மரத்தைத் துளைக்கிற பூச்சி. மழை ஆரம்பிச்சதும், அதாவது ஜூன்ல இருந்து, வண்டு வெளிய வரும். இளந்தண்டோட பட்டையைக் கொறிச்சுத் தின்னும். கையில புடிச்சா கிரீச் கிரீச்னு சத்தம் போடும். பொம்பள வண்டு தண்டோட பட்டைக்கு அடியில முட்டை வைக்கும். பொரிஞ்சு வர்ற புழு உள்ள போய், கொடியைத் தின்னுக்கிட்டே கீழ இறங்கும். அடுத்த மழைக்குத்தான் வண்டா வெளிய வரும். வருசத்துக்கு ஒரே தலைமுறைதான். ஆனா அந்த ஒரு புழு பன்னெண்டு வருசக் கொடியை முடிச்சுடும்.

மகாராஷ்டிராவுல நாசிக், சாங்லி பக்கம் தொல்லை பண்றதுல இன்னொண்ணு ஸ்ட்ரோமேஷியம் பார்பேட்டம். அது காஞ்ச மரத்துலயும் குடியிருக்கும். வெட்டிப் போட்ட விறகுக் குவியலே அதுக்கு வீடு.

மூணாவதா ஸ்தீனியாஸ் கிரிசேட்டர்னு ஒரு வண்டு. இது ராத்திரியில கிளையைச் சுத்தி மோதிரம் போட்ட மாதிரி கடிச்சு வச்சுடும். மோதிரத்துக்கு மேல உள்ள பாகம் காஞ்சுபோகும். அந்தக் காஞ்ச கிளைக்குள்ளதான் அதோட புழு வளரும். இதுக்கு வைத்தியம் சுலபம். மோதிரத்துக்குக் கீழ வெட்டி எரிச்சுடணும். 'எப்படியும் காஞ்சதுதானே'ன்னு பந்தல்லயே விட்டா, அடுத்த வருசம் இன்னும் நாலு மோதிரம் நிச்சயம்.

இவ்வளவும் படிச்சப்போ எனக்கு உறைச்சது ஒண்ணுதான். இந்தப் பூச்சி அதோட வாழ்க்கையில ரெண்டே ரெண்டு தடவைதான் நம்ம கைக்கு எட்டுற இடத்துல இருக்கு. வண்டா வெளிய சுத்துறப்போ ஒண்ணு. முட்டையாவும், பொரிஞ்ச குட்டிப் புழுவாவும் பட்டைக்கு அடியில இருக்கிறப்போ இன்னொண்ணு. நடு மரத்துக்குள்ள போயிட்டா இலை மேல எவ்வளவு அடிச்சாலும் அதுக்கு உறைக்காது. நம்ம ஆளுங்க (என்னையும் சேத்துத்தான்) மருந்தைத் தேடி ஓடுறது சரியா அந்த மூணாவது கட்டத்துலதான். ஏன்னா அப்பதான் இலை மஞ்சளாகும், அப்பதான் கண்ணுக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம். தண்டுல கார்பரில் தடவுங்க, ஓட்டையில டைக்குளோர்வாஸ் ஊத்துங்கன்னு பழைய கையேடுகள்ல பாக்கலாம். கார்பரிலை நம்ம நாட்டுல 2018லயே தடை பண்ணியாச்சு. டைக்குளோர்வாஸ் 2020 டிசம்பர் கடைசியோட சரி. எண்டோசல்ஃபானை 2011லயே சுப்ரீம் கோர்ட் நிறுத்திடுச்சு. நோட்டீஸ் மட்டும் ஜெராக்ஸ் மேல ஜெராக்ஸா கை மாறிக்கிட்டே இருக்கு. அதனால எந்த மருந்தா இருந்தாலும் லேபிள்ல திராட்சைன்னு போட்டிருக்கா, அறுவடைக்கு எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும், இந்த ரெண்டையும் பாத்துட்டுத்தான் மூடியைத் திறக்கணும். எங்களுக்குப் பக்கத்துல ஆனைமலையன்பட்டியிலயே வேளாண் பல்கலைக்கழகத்தோட திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கு. புனே பக்கத்துல மாஞ்சரியில தேசிய ஆராய்ச்சி மையமும் இருக்கு. கேக்க இடம் இருக்குங்க. நமக்குத்தான் உரக்கடை கிட்டக்க.

சரி, அப்புறம் என்ன பண்ணோம்?

மொத வேலை கூட்டுறது. ஆமா, விளக்குமாறை எடுத்துக் கூட்டுறதுதான். எல்லாக் கொடியோட தூரையும் சுத்தமாக் கூட்டிவிட்டோம். உள்ள உசிரோட புழு இருந்தா மூணு நாலு நாள்ல புதுத் தூள் விழும். பழைய குப்பைக்கு நடுவுல அது தெரியாது, கூட்டின மண்ணுல பளிச்சுனு தெரியும். அப்படிப் பாத்ததுல பதினாலு இல்ல, முப்பத்தோரு கொடியில ஓட்டை இருந்துச்சு. பதினேழு கொடியில இலை இன்னும் பச்சையாவே இருந்தது!

ரெண்டாவது கம்பி. தென்னையில காண்டாமிருக வண்டைக் கம்பி விட்டு எடுப்பாங்க இல்லையா, அதே வித்தைதான். ஆனா தென்னைக் கம்பி இதுக்குத் தடிமன். அப்பா பழைய சைக்கிள் பிரேக் கம்பியை எடுத்து, நுனியை நசுக்கிக் கொக்கி மாதிரி வளைச்சுக்கிட்டாரு. அது குகை வளையற பக்கமெல்லாம் வளைஞ்சு போகும். ஓட்டை வாயில இருக்கிற தூளைச் சுரண்டி எடுத்துட்டு, கம்பியை விட்டு, மெதுவாத் திருகி இழுக்கணும். சில நேரம் முழுப் புழுவே வரும். சில நேரம் நுனியில பால் மாதிரி ஈரம் ஒட்டியிருக்கும், அப்படின்னா குத்து விழுந்துருச்சுன்னு அர்த்தம். அப்புறம் ஈரக் களிமண்ணை வச்சு ஓட்டையை அடைச்சுடணும். ஒரு வாரம் கழிச்சு மறுபடி தூரைப் பாக்கணும். புதுத் தூள் இருந்தா மறுபடி கம்பி. முப்பத்தோரு கொடியில பத்தொம்போது தேறிடுச்சு. பன்னெண்டு போச்சு.

மூணாவது பட்டை. திராட்சைக் கொடியில பழைய பட்டை நார் நாரா உரிஞ்சு தொங்கும். அதுக்கு அடியில சின்னச் சின்னப் பூச்சிகளுக்கெல்லாம் ஓசி லாட்ஜ் மாதிரி. முட்டை வைக்கவும் தோதான இடம். கவாத்து முடிஞ்ச கையோட, அந்த உரிஞ்ச பட்டையை மட்டும் கையாலயும் சாக்குத் துணியாலயும் தேச்சு எடுத்துடறோம். உள்ள இருக்கிற உசிர்ப் பட்டை காயமாயிடக் கூடாது. எடுத்த பட்டையைத் தோட்டத்துலயே போடாம எரிச்சுடணும். இதுல இன்னொரு லாபம், மாவுப் பூச்சியும் உழக்குற இடம் அதுதான்ங்கிறதால அதுவும் குறையுது.

நாலாவது விறகு. இதுக்கு அம்மாவோட ஒரு சண்டையே நடந்துச்சு. வெந்நீர் அடுப்புக்காகக் கவாத்துக் கட்டையை வருசக்கணக்கா வேலி ஓரம் அடுக்கி வச்சிருந்தாங்க. செத்த கொடியோட தண்டும் அதுலதான் கிடந்துச்சு. பூச்சிக்கு நாமளே வீடு கட்டிக் குடுத்து, அதுவும் பந்தலுக்குப் பத்தடி தள்ளி! "அம்புட்டு வெறகையும் எரிச்சுட்டா நான் எதை வச்சு எரிக்கிறது"ன்னு அம்மா ஒரு வாரம் பேசல. கடைசியில கேஸ் ஹீட்டர் வாங்கிக் குடுத்துச் சமாதானம் பண்ணேன். (எனக்கு ஆன செலவு அது ஒண்ணுதான், அதையும் அப்பா பெருமையா ஊர்ல சொல்லிக்கிட்டு இருக்காரு!)

அஞ்சாவது வண்டு பொறுக்குறது. ஜூன் மாசம் சாரல் ஆரம்பிச்சதும் தினம் சாயங்காலம் டார்ச்சோட ஒரு சுத்து. எங்களுக்கு மாட்டினதெல்லாம் பெரும்பாலும் அந்தி நேரத்துலதான். ஒரு டப்பாவுல மண்ணெண்ணெய் கலந்த தண்ணி, அதுல போட்டா முடிஞ்சது. அந்த மொத வருசம் அறுபதுக்கு மேல பொறுக்கினாரு. ஒவ்வொரு பொம்பள வண்டும் நிறைய முட்டை வைக்கும்னு நெனச்சுப் பாருங்க. அந்த டப்பாவுல எத்தனை கொடி மிதந்திருக்கும்!

இதுல எந்த வேலைக்கும் சிவப்பு முக்கோணம் தேவைப்படல. ஆனா ஒண்ணைச் சொல்லணும், இது சுலபமான வழின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. முன்னூறு கொடிக்கு வாரா வாரம் குனிஞ்சு தூரைப் பாக்கறதுக்கு இடுப்பு வேணும். அப்பாவுக்கு அப்ப அறுபத்தி நாலு வயசு. அஞ்சு பத்து ஏக்கர் வச்சிருக்கிறவங்க கூலி ஆள் கிடைக்காம என்ன பண்ணுவாங்கன்னு எனக்குப் புரியுது. பாட்டிலை வாங்குறவங்களைத் திட்ட எனக்கு வாய் வராது. நானே போன்ல வாங்கச் சொன்னவன்தானே.

அந்த போட்டோ விஷயத்துக்கு வர்றேன்.

அந்த ஏப்ரல்ல கொடியைப் பொளந்த அன்னிக்கு ராத்திரி, சும்மா பழைய படங்களைத் தள்ளிக்கிட்டு இருந்தேன். அக்டோபர்ல எடுத்த அந்த நாலு படம். மூணு படத்துல வெறும் பழக்கொத்து. நாலாவது அம்மா பந்தலுக்கடியில நிக்கிற மாதிரி கொஞ்சம் தள்ளி நின்னு எடுத்தது. அம்மாவுக்குப் பின்னாடி ஒரு கொடி. பெருசு பண்ணிப் பாத்தேன். அந்தக் கொடியோட தூருல, மண்ணு மேல, ரம்பத்துல அறுத்த மாதிரி ஒரு கைப்பிடித் தூள்.

ஆறு மாசத்துக்கு முன்னாடி! அன்னிக்குப் புழு சின்னதா, மேல்மட்டத்துலயே இருந்திருக்கும். ஒரு கம்பியில முடிஞ்சிருக்கும். பழம் மூடின குழிக்கும் வேலை இருந்திருக்காது. நான் அங்கேயேதான் நின்னேன், படம் கூட எடுத்தேன். ஆனா மேலயே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்.

அப்பாகிட்ட அந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. "நானுந்தான்டா தெனம் அதைத் தாண்டிப் போனேன். கரையான்னு நெனச்சேன்"னு சொல்லிட்டு போனைத் திருப்பிக் குடுத்தாரு. என்னைக் காப்பாத்துறதுக்காகச் சொன்னாரா, நெசமாவே அப்படித்தானா, இன்னிக்கு வரைக்கும் நான் கேக்கல.

இப்ப அப்பாகிட்டயும் ஒரு நல்ல போன் இருக்கு. மழை மாசங்கள்ல வாரத்துக்கு ஒரு தடவை வாட்ஸ்அப்புல படம் அனுப்புவாரு. பழத்தைப் படம் எடுத்து அவர் அனுப்பினதே இல்ல. வெறும் தூரு, கூட்டின செம்மண்ணு, விளக்குமாத்துக் கோடு. ஆபீஸ்ல பக்கத்து சீட்காரர் ஒருநாள் எட்டிப் பாத்துட்டு, "என்ன சார், வெறும் மண்ணை இவ்வளவு நேரம் பாக்கறீங்க"ன்னு கேட்டாரு.

போன வாரம் வந்த படத்துக்கு அடியில அப்பா ஒரு வரி டைப் பண்ணியிருந்தாரு. "நாப்பது பாத்தாச்சு. ஒண்ணுமில்ல. மிச்சம் நாளைக்கு."